கலாகவா மன்னரின் உலக யாத்திரை

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளை ஒரு காலத்தில் சுதேச மன்னர்கள் ஆண்டார்கள் என்பதை நம்மவரில் பலர் அறியார். அவர்களுள் கலாகவா என்பவர் 1836-ம் வருஷம் பிறந்தவர்; 1874-ல் அந்நாட்டுச் சட்டசபையால் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வருஷக் கடைசியிலேயே அமெரிக்காவுக்கு விஜயம் செய்து ஜனாதிபதி கிராண்டைக் கண்டார். அதன் பயனாக 1875-ல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி ஹவாய்ச் சர்க்கரை தீர்வையின்றி அமெரிக்கா சென்றது. லாபம் யாருக்கு? பெரும்பாலும் வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கே.

1881 ஜனவரி 20-ந் தேதி மன்னர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அந்நிய நோய்களால் சுதேச ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தனர். தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்பதே வெளிப்படையான காரணம். ஆனால் அவர் மனத்தில் வேறொன்றும் இருந்தது. ஜப்பானில் தம் மந்திரி ஆர்ம்ஸ்டிராங்குக்கும் தெரிவியாமல் மெய்ஜி சக்கரவர்த்தியைத் தனியே சந்தித்து, ஆசிய தேசங்கள் ஒன்றுகூடி ஒரு சம்மேளனம் அமைக்கவேண்டும், அதற்கு ஜப்பான் தலைமை வகிக்கவேண்டும் என்று வேண்டினார். ஐந்து வயதுக் குழந்தையான தம் மருமகள் கையுலானியை ஜப்பானிய ராஜகுமாரர் ஒருவருக்கு மணம் பேசவும் செய்தார். மேனாட்டார் கண்ணெதிரே உதித்த இந்த யோசனையின் துணிச்சலை நாம் வியக்கிறோம். ஆயினும் ஜப்பான் இரண்டையும் மரியாதையாக மறுத்துவிட்டது. 1885 முதல் ஜப்பானியத் தொழிலாளிகள் மட்டும் கப்பல் கப்பலாக வந்தார்கள்.

சீனம், சயாம், பர்மா கடந்து மன்னர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்து, எகிப்து வழியாக ஐரோப்பா சேர்ந்தார். இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி வரவேற்றார். லண்டன் விருந்தொன்றில் ஜெர்மன் பட்டத்து இளவரசருக்கு மேலாக இவருக்கு முதலிடம் தரப்பட்டதாம். இளவரசர் முகம் சுளித்தாராம். அக்டோபர் 29-ந் தேதி மன்னர் ஊர் திரும்பினார். வழியில் நியூயார்க்கில் எடிஸனைக் கண்டு மின்சார விளக்கைப் பற்றி விசாரித்தது வீண்போகவில்லை. வாஷிங்டன் வெள்ளை மாளிகைக்கு முன்பே ஹொனலூலு அரண்மனையில் அவ்விளக்கு எரிந்தது.

உபசாரங்கள் அரசைக் காக்கவில்லை. 1887-ல் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் புதிய அரசியல் சட்டத்தில் அவரைக் கையெழுத்திடச் செய்து அதிகாரத்தைப் பறித்தது; சுதேசிகள் பலர் வாக்குரிமை இழந்தனர். 1891 ஜனவரி 20-ந் தேதி, யாத்திரை புறப்பட்ட அதே நாளில், ஸான்பிரான்ஸிஸ்கோவில் அவர் காலமானார். அவருக்குப்பின் பட்டமேறிய சகோதரி லிலியுவோகலானியை 1893-ல் அக்கூட்டத்தார் அரியணையினின்று இறக்கினர். அமெரிக்கப் போர்க்கப்பலின் சிப்பாய்கள் அப்போது கரையிறங்கியிருந்தனர். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அரசியை அரியணையினின்று இறக்கி நூறு வருஷங் கழித்து, 1993-ல், அமெரிக்கக் காங்கிரஸ் அச்செயலுக்கு மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.