சூரியனுக்குக் காவல் இருந்த சிறுவன்

அந்தச் சிறுவனுக்கு வயது 9. அவனுடைய வேலை, சூரியனைப் பார்த்துக்கொண்டே இருப்பது!

வேடிக்கை அல்ல. உண்மைதான். அதற்குச் சம்பளமும் உண்டு.

அவன் பெயர் எட்வர்டு எமர்சன் பார்னார்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரில் 1857-ம் ஆண்டு பிறந்தான். அவன் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் மெழுகினால் பூக்கள் செய்து விற்று, இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றினாள். அந்த நேரத்தில் உள்நாட்டு யுத்தம் வேறு வந்தது. வீட்டில் வறுமை தாண்டவமாடியது.

பார்னார்டு பள்ளிக்கூடம் போனது இரண்டே மாதம்தான். எழுத்து கற்றுக்கொடுத்தது தாய்.

மொட்டை மாடியில்

ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் சிறிய படத்தைப் பெரிதாக்க, சூரிய வெளிச்சம் வேண்டும். ஸ்டூடியோவின் மாடியில் மிகப் பெரிய கேமரா ஒன்று இருந்தது. சூரியன் நகர நகர, அதையும் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் படம் கெட்டுவிடும்.

முன்பு வேலை பார்த்த பையன்கள் வெயிலில் தூங்கிவிட்டார்கள். பார்னார்டு தூங்கவில்லை.

அந்தக் கேமராவுக்கு ஒரு பெயர் உண்டு. ஜூபிடர்! நாம் வியாழன் என்றும் குரு என்றும் சொல்லும் கிரகத்தின் பெயர் அது. பின்னால் நடக்கப்போவதை யாரோ அறிந்து வைத்ததுபோல் இருக்கிறது.

இரவில் வீட்டுக்கு நடந்து போகும்போது, மஞ்சள் நிறமான நட்சத்திரம் ஒன்று அவன் கண்ணில் பட்டது. மற்ற நட்சத்திரங்களுக்கு இடையே அது மெல்ல மெல்ல இடம் மாறியது. அது சனிக் கிரகம் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே அவனுக்குத் தெரிந்தது.

திரும்பி வராத கடன்

பார்னார்டு வாலிபன் ஆனான். ஒரு நாள் ஓர் ஆசாமி அவனிடம் 2 டாலர் கடன் கேட்டான். அடகாக ஒரு புத்தகம் கொடுத்தான். பணமும் திரும்பி வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆனால் அது வானத்தைப் பற்றிய புத்தகம்! அதில் இருந்த படத்தை வைத்து, நட்சத்திரங்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டான். 2 டாலருக்கு இதைவிட லாபமான வியாபாரம் உண்டா?

தெருவில் கிடந்த லென்சைக் காகிதக் குழாயில் பொருத்தி, ஸ்டூடியோ நண்பர் ஒருவர் அவனுக்கு டெலஸ்கோப் செய்துகொடுத்தார். ஆசை அதோடு தீரவில்லை. 380 டாலர் கொடுத்து, 5 அங்குல டெலஸ்கோப் வாங்கினான். அவனுடைய ஒரு வருஷச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அது!

1877-ல் விஞ்ஞானிகளின் மாநாடு நாஷ்வில்லில் நடந்தது. புகழ்பெற்ற வான நூல் அறிஞர் சைமன் நியூகம்பிடம் பார்னார்டு ஆலோசனை கேட்டான். கணிதம் தெரியாவிட்டால் பயன் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். பார்னார்டு ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று அழுதான். பிறகு, ஓர் ஆசிரியரை அமர்த்திக் கணிதம் படிக்கத் தொடங்கினான்.

வால் நட்சத்திர வீடு

மருந்து விற்றுப் பணக்காரரான வார்னர் என்பவர், புதிய வால் நட்சத்திரம் கண்டுபிடித்தால் 200 டாலர் பரிசு என்று அறிவித்தார். 1881-ல் பார்னார்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த வருஷம்தான் ரோடா என்ற பெண்ணை மணந்திருந்தார். நோயாளித் தாயையும் காப்பாற்ற வேண்டும். பரிசுப் பணத்தில் வீடு கட்டத் தொடங்கினார். கடன் தவணை வரும்போதெல்லாம் ஒரு வால் நட்சத்திரமும் வந்து கைகொடுத்தது. ஊரார் அதற்கு வால் நட்சத்திர வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பிறகு கலிபோர்னியாவில் உள்ள லிக் வான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. 36 அங்குல டெலஸ்கோப் அங்கே இருந்தது. அப்போது உலகத்திலேயே பெரியது அதுதான். ஆனால் நிலையத் தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய டெலஸ்கோப்பைத் தொட விடவில்லை.

பார்னார்டு சும்மா இருக்கவில்லை. ஆட்களைப் படம் எடுக்கும் பழைய ஸ்டூடியோ லென்ஸ் ஒன்றை எடுத்து, வானத்தைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். ஸ்டூடியோவில் மனிதன் அசையாமல் உட்காருவான். நட்சத்திரம் உட்காருமா? ஒரு படத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அவ்வளவு நேரமும் ஒரே நட்சத்திரத்தில் கண் வைத்து, குளிரில் கருவியைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். மாடியில் பகலெல்லாம் செய்த அதே வேலை! 1889-ல் தொடங்கி அவர் எடுத்த பால்வீதிப் படங்கள் உலகத்தையே வியக்க வைத்தன.

ஐந்தாவது சந்திரன்

1892-ல் கடைசியாகப் பெரிய டெலஸ்கோப் கிடைத்தது. வாரத்தில் ஒரே ஒரு இரவு, வெள்ளிக்கிழமை. செப்டம்பர் 9-ந் தேதி, வியாழனின் கண் கூசும் ஒளியை மறைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் மிகச் சிறிய ஒளிப்புள்ளி!

வியாழனுக்கு நான்கு சந்திரன்கள் உண்டு என்று 1610-ல் கலிலியோ கண்டார். அதன் பிறகு 282 ஆண்டுகளாக ஐந்தாவதை யாரும் பார்க்கவில்லை. அமால்தியா என்ற அந்தச் சந்திரன், 12 மணி நேரத்துக்குள் வியாழனைச் சுற்றி வந்துவிடுகிறது. டெலஸ்கோப்பில் நேராகக் கண் வைத்துக் கண்டுபிடித்த கடைசிச் சந்திரன் அதுதான். அதன் பிறகு எல்லாம் கேமராவின் வேலை.

1911-ல், வில்சன் மலையில் இருந்த 60 அங்குல டெலஸ்கோப்பில் சனிக் கிரகத்தை வளையத்தோடு அழகாகப் படம் எடுத்தார். சிறு வயதில் வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தாரே, அதே மஞ்சள் நட்சத்திரம்.

தம் பால்வீதிப் படங்களைப் புத்தகமாக்க விரும்பினார். 51 படங்கள், 700 பிரதிகள். அச்சில் நன்றாக வராது என்று, அத்தனையும் நிஜ போட்டோவாகவே வேண்டும் என்றார். 35,700 போட்டோக்களையும் ஒவ்வொன்றாகத் தாமே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஸ்டூடியோப் பையனின் பிடிவாதம்! புத்தகம் 1927-ல்தான் வந்தது. அவர் 1923-ல் இறந்துவிட்டார்.

ஐந்தாவது சந்திரனைக் கண்ட அடுத்த மாதமே, போட்டோவில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். போட்டோ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால் நட்சத்திரம் அது. பிறகு அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. 2008-ல் மீண்டும் அகப்பட்டது. 116 ஆண்டுகள் காணாமல் போயிருந்த அதற்கு, அவர் பெயரையும், மறுபடி கண்ட இத்தாலியர் போட்டினியின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.