புச்சிபாபு நாயுடு

எங்கள் கேளம்பாக்கத்து உப்பளங்களின் ஓரத்தே மாலைதோறும் சிறுவர்கள் மட்டையும் பந்துமாய் ஆடுகின்றனர். அவர்களை விலக்குவார் ஒருவருமிலர். இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. இதற்குச் சென்னையில் வித்திட்ட பெருந்தகை, புச்சிபாபு என வழங்கப்பெற்ற மகிபதி நாயுடு ஆவார்.

1868ஆம் ஆண்டிற் பிறந்த இவர் செல்வக் குடும்பத்தில் வளர்ந்தார். அந்நாளில் சேப்பாக்கத்து மைதானம் ஐரோப்பியர் சங்கத்தின் கையில் இருந்தது. ஆங்கு ஆடச் சென்ற இந்தியர், அவர்களோடு சமமாய் அமர்ந்து உண்ணவும் இடம் பெற்றிலர். இதனைக் கண்டு மனம் வெதும்பிய புச்சிபாபு, பகைமையை வளர்த்தாரல்லர். 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, இந்திய இளைஞரைத் திரட்டி, ஆட்டக் கருவிகளும் வெண்ணிற உடையும் உதவிப் பழக்கினார்.

பின்னர், இந்தியரும் ஐரோப்பியரும் நேர்நின்று பொருதும் போட்டியொன்றை 1908இல் ஏற்பாடு செய்தார். அந்தோ! அதனைக் காணுமுன் அவ்வாண்டிலேயே காலமானார்.

எனினும், அவர் முயற்சி வீண்போகவில்லை. அப்போட்டி பிற்காலத்தில் மாகாண ஆட்டமென்னும் பெயரால் பொங்கற் காலத்தே நடைபெறலாயிற்று. அவர் மைந்தர் ராமசாமி 1936இல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். ரஞ்சிக் கோப்பையின் முதலாட்டம் 1934இல் அதே சேப்பாக்கத்தில் நிகழ, சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. 1954-55இல் இறுதியாட்டத்தில் ஹோல்கர் அணியை வென்று அக்கோப்பையையும் முதன்முதலாகப் பெற்றது.

விதைத்தவர் அறுவடையைக் கண்டிலர். ஆயினும், மாணவ நண்பர்காள், கோப்பையை ஏந்தினோரை மட்டும் போற்றாது, ஏந்துதற்குரிய களத்தைத் திறந்து வைத்தாரையும் நாம் நினைத்தல் கடனன்றோ!