மைசூருக்கு வெளிச்சம் தந்த மன்னர்

மைசூரில் சாமுண்டி மலைக்கு அருகே வெள்ளை வெளேர் என்று நிற்கிறது, லலிதமகால் மாளிகை. 1974-ம் ஆண்டில் அது ஓட்டல் ஆனது. அதன் பெருமை, இத்தாலி நாட்டு சலவைக்கல் படிக்கட்டும், பெல்ஜியம் நாட்டு கண்ணாடி சரவிளக்குகளும்தான்.

இந்த மாளிகையைக் கட்டியவர், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார்.

அரண்மனையில் தீ

அவர் 1884-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி பிறந்தார். தந்தை சாமராஜ உடையார் 1894-ல் கல்கத்தாவில் இறந்துபோக, 10 வயதில் மன்னர் ஆனார். ஆட்சிப் பொறுப்பை தாயார் கவனித்து வந்தார்.

1897-ல் அக்காள் ஜெயலட்சம்மணியின் திருமணம் நடந்தபோது, மரத்தால் ஆன பழைய அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. புது அரண்மனை கல்லாலும் இரும்பாலும் எழுந்தது. திட்டம் வரைந்தவர், சென்னை ஐகோர்ட்டு கட்டிட வேலையில் பங்கு கொண்ட ஹென்றி இர்வின். 1912-ல் வேலை முடிந்தது. செலவு 41 லட்சம் ரூபாய்க்கு மேல்! கல்யாண மண்டபத்தின் கூரைக்கு கிளாஸ்கோ நகரில் செய்த வண்ணக் கண்ணாடி போட்டார்கள். பகலில் அதன் வழியே சூரிய ஒளி இறங்கும். இரவுக்கு மின்சாரம் வேண்டுமே?

தமிழரின் திட்டம்

அதற்கு முன்பே வழி செய்திருந்தவர், பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்திரி அய்யர். சிவசமுத்திரத்தில் விழும் காவிரியில் இருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. ஆனால் விளக்கு எரிவதைப் பார்க்க அவர் இல்லை. 1901 செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

1902 ஜூன் 30-ந் தேதி மின்சாரம் பாய்ந்தது. முதலில் போனது அரண்மனைக்கு அல்ல. 147 கிலோ மீட்டர் தாண்டி, தமிழ்த் தொழிலாளர்கள் பாடுபட்ட கோலார் தங்கவயலுக்குப் போனது! மின்சாரத்தை விலை கொடுத்து வாங்க தங்கச் சுரங்கங்கள் தயாராக இருந்தன.

ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 8-ந் தேதி, 18 வயது மன்னர் முழு அதிகாரம் ஏற்றார். 1905-ல் பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது.

வைசிராய்க்கு மாளிகை

வைசிராய் வந்தால் தங்குவதற்காக, 1921-ல் லலிதமகாலுக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் போன்ற குவிமாடத்துடன் அதை அமைத்தவர், பம்பாயைச் சேர்ந்த பிரிட்ச்லி. உயரமான கூரையில் விளக்கை ஒட்டி வைத்தால் வெளிச்சம் மேலேயே நின்றுவிடும். சரவிளக்கோ கீழே இறங்கித் தொங்கும். பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகள் ஒளியைச் சிதறடிக்க, வெள்ளைச் சுவரும் சலவைக்கல்லும் அதைத் திருப்பி வீசும். கண்ணாடி சீமைச் சரக்கு. மின்சாரம் காவிரி தந்தது.

கிருஷ்ணராஜ உடையார் 1940 ஆகஸ்டு 3-ந் தேதி பெங்களூரில் காலமானார். சேஷாத்திரி அய்யரின் சிலை அங்கே கப்பன் பூங்காவில் இருக்கிறது. தசரா நாட்களில் மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய 1 லட்சம் பல்புகள் எரிகின்றன.