ஒரே இரவில் முறியடிக்கப்பட்ட ஆட்சிக் கவிழ்ப்பு: ராஜீவ் காந்தியும் மாலத்தீவும்

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னா இன்னைக்கு பலருக்கும் ஞாபகத்துக்கு வருவது கார் கம்பெனி, செல்போன் கம்பெனி, ஷிஃப்ட் பஸ். ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழிற்சாலை வரிசைக்கு நடுவில், பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமா 7 தூண்களோட ஒரு நினைவிடம் இருக்கு. 1991 மே 21 இரவு முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்ட இடம் அது. அப்போது அவருக்கு வயது 46.

அந்தக் கொலை பற்றி கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும். ஆனா அதற்கு இரண்டரை வருடம் முன்னாடி, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றின் உதவியோட பக்கத்து நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை இதே ராஜீவ் ஒரே இரவில் முறியடித்தார் என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. அவரது வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த இரவு ரொம்ப முக்கியம்.

விமானியாக இருந்தவர் பிரதமரானது எப்படி?

1944 ஆகஸ்ட் 20-ல் மும்பையில் பிறந்தவர் ராஜீவ். தாத்தா ஜவஹர்லால் நேரு, அம்மா இந்திரா காந்தி. டூன் பள்ளியில் படிப்பு. அப்புறம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, லண்டன் இம்பீரியல் கல்லூரி. இரண்டிலுமே பட்டம் வாங்கவில்லை. கேம்பிரிட்ஜில் அறிமுகமான சோனியாவை 1968-ல் திருமணம் செய்தார்.

இந்தியன் ஏர்லைன்ஸில் விமானி வேலை. அரசியல் வாரிசாகப் பார்க்கப்பட்டது தம்பி சஞ்சய்தான். 1980 ஜூன் 23-ல் சஞ்சய் விமான விபத்தில் இறந்த பிறகுதான் ராஜீவை அரசியலுக்கு இழுத்தார்கள். 1981-ல் அமேதி இடைத்தேர்தலில் ஜெயித்தார். 1984 அக்டோபர் 31-ல் இந்திரா சுட்டுக் கொல்லப்பட, அன்று மாலையே பிரதமராகப் பதவியேற்றார். வயது 40.

அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது அரசுக் கணக்கு. அந்தக் கறை அவர் ஆட்சியின் முதல் வாரத்திலேயே படிந்தது. டிசம்பர் தேர்தலில் காங்கிரஸுக்கு 400-க்கும் மேற்பட்ட இடங்கள். அதுவரை எந்தக் கட்சியும் பார்க்காத வெற்றி.

'கவிழ்ப்பு'ன்னா என்ன?

தமிழில் ஆட்சிக் கவிழ்ப்பு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எம்.எல்.ஏ.க்களைக் கட்சி மாறவைத்து அரசைக் கவிழ்ப்பது ஒன்று. துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைப் பிடிப்பது இன்னொன்று. ராஜீவ் இரண்டோடும் மோத வேண்டியிருந்தது.

முதல் வகைக்கு அவர் கொண்டுவந்ததுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தமாக வந்தது. இதில் ஒரு முரணும் இருக்கு. சட்டம் வருவதற்கு முந்தைய வருடம்தான், இந்திரா ஆட்சிக் காலத்தில், காஷ்மீரில் ஃபரூக் அப்துல்லா அரசும் ஆந்திராவில் என்.டி.ராமாராவ் அரசும் கட்சித் தாவல் மூலமா கவிழ்க்கப்பட்டன. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு, 1988 ஜனவரியில் ஜானகி அரசைக் கலைத்து தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்ததும் ராஜீவ் அரசுதான்.

இரண்டாவது வகை, அதாவது ராணுவக் கவிழ்ப்பு, இந்தியாவில் நடந்ததே இல்லை. சுற்றிலும் நிலைமை வேறு. 1985 டிசம்பரில் டாக்காவில் நடந்த முதல் சார்க் மாநாட்டில் ராஜீவோடு உட்கார்ந்த தலைவர்களில் இரண்டு பேர், கவிழ்ப்பு மூலம் ஆட்சிக்கு வந்த ஜெனரல்கள். பாகிஸ்தானின் ஜியா உல் ஹக் 1977-ல் வந்தவர். வங்கதேசத்தின் எர்ஷாத் 1982-ல் வந்தவர். அந்த மேஜையில் மாலத்தீவு அதிபர் கயூமும் இருந்தார்.

1987 மே 14-ல் ஃபிஜியில் கர்னல் ரபூகா தலைமையில் வீரர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, இந்திய வம்சாவளி மக்களின் ஆதரவோடு ஜெயித்த பவத்ரா அரசைக் கவிழ்த்தார்கள். 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிப் போன தமிழர்களின் வாரிசுகளும் அங்கே வாழ்கிறார்கள். ராஜீவ் அரசு வர்த்தகத் தடை விதித்தது, காமன்வெல்த்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. பசிபிக் கடலில் அவ்வளவு தூரத்தில் அதற்கு மேல் செய்ய முடியவில்லை. மாலத்தீவு அப்படியில்லை. அது கூப்பிடு தூரம்.

1988 நவம்பர் 3: மாலேயில் என்ன நடந்துச்சு?

திட்டம் போட்டவர் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வியாபாரி. இலங்கையில் தொழில் செய்தவர். அவருக்கு ஆள் கொடுத்தது உமா மகேஸ்வரன் தலைமையிலான புளொட், அதாவது தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம்.

உமா மகேஸ்வரன் தமிழ்நாட்டுக்குப் புதியவர் இல்லை. 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் அவருக்கும் பிரபாகரனுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டை அப்போது பெரிய செய்தி. 1983-க்குப் பிறகு ஈழ இயக்கங்கள் பலவற்றுக்கும் இந்தியா பயிற்சி கொடுத்தது. புளொட்டின் முகாம்கள் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பகுதியில் இருந்தன. இந்தியா வளர்த்த இயக்கம் ஒன்று இந்தியாவின் நட்பு நாட்டு அரசையே கவிழ்க்கப் போனது என்பதுதான் இதில் இருக்கும் சிக்கல். மாலத்தீவில் தங்களுக்கு ஒரு தளம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இதற்குக் காரணமா சொல்லப்படுகிறது.

நவம்பர் 3 விடியற்காலை. கடல் வழியா வந்த சுமார் 80 பேர் தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். துறைமுகம், வானொலி, தொலைக்காட்சி நிலையம் என முக்கிய இடங்களைப் பிடித்தார்கள். மாலத்தீவுக்கு அப்போது தனி ராணுவம் கிடையாது. தேசியப் பாதுகாப்புப் படை என்ற சிறிய அமைப்புதான். அதன் தலைமையகத்தையும் தாக்கினார்கள்.

ஆட்சிக் கவிழ்ப்பு ஜெயிக்கணும்னா வழக்கமா மூன்று விஷயம் சீக்கிரம் கைக்கு வரணும்: ஆட்சித் தலைவர், தகவல் தொடர்பு, விமான நிலையம். இவர்கள் கோட்டைவிட்டது இதில்தான். கயூம் கிடைக்கவில்லை. வீடு வீடாக மாறி ஒளிந்துகொண்டார். பாதுகாப்புப் படை தலைமையகம் விழவில்லை. விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருந்தது. அதைப் பிடிக்காமல் விட்டதுதான் பெரிய தப்பு.

வெளிநாட்டுத் தொடர்பும் முழுசா அறுபடவில்லை. மாலேயிலிருந்து பல நாடுகளுக்கு உதவி கேட்டு அழைப்பு போனது. உடனே படை அனுப்ப யாரும் தயாரா இல்லை. டெல்லி தயாரா இருந்தது.

ஆபரேஷன் காக்டஸ்

காலையில் தகவல் வந்தது. ராஜீவ் கூட்டிய அவசரக் கூட்டத்தில் படை அனுப்ப முடிவானது. ஆக்ராவில் இருந்த 50-வது பாராசூட் பிரிகேடுக்கு உத்தரவு போனது. பிரிகேடியர் ஃபரூக் புல்சாரா தலைமை. கையில் சரியான வரைபடம்கூட இல்லை. அந்த நேரம் டெல்லியில் இருந்த மாலத்தீவுக்கான இந்தியத் தூதர் ஏ.கே.பானர்ஜியையும் வழிகாட்ட விமானத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

மாலையில் இரண்டு ஐ.எல்.-76 விமானங்கள் கிளம்பின. 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நிற்காமல் பறந்து, அன்று இரவே ஹுல்ஹுலேவில் தரையிறங்கின. சுற்றிலும் கடல். இருட்டு. ஓடுபாதை யார் கையில் இருக்கு என்று விமானத்தில் இருந்தவர்களுக்கு உறுதியாத் தெரியாது. முன்பே பேசிவைத்த அடையாளச் சொல்லுக்குப் பதில் வந்த பிறகு, ஓடுபாதை விளக்குகள் சில நொடி எரிந்து அணைந்தன. அந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து படகில் மாலே. நள்ளிரவு தாண்டி இந்திய வீரர்கள் கயூமைப் பாதுகாப்பாக மீட்டார்கள். லுத்துஃபியும் மீதி ஆட்களும் பிணைக்கைதிகளோடு புரோகிரஸ் லைட் என்ற கப்பலில் தப்பினார்கள். ஐ.என்.எஸ். கோதாவரி, ஐ.என்.எஸ். பெத்வா இரண்டும் துரத்தின. நவம்பர் 6-ல் கப்பல் பிடிபட்டது. பிணைக்கைதிகள் உட்பட 19 பேர் இந்தச் சம்பவத்தில் இறந்தார்கள். பிடிபட்டவர்கள் மாலத்தீவில் விசாரிக்கப்பட்டார்கள். லுத்துஃபிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. உமா மகேஸ்வரன் 1989 ஜூலையில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அமெரிக்க அதிபர் ரீகன் பாராட்டினார், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் பாராட்டினார். முக்கியமான விஷயம் வேறு: வேலை முடிந்ததும் பெரும்பாலான வீரர்கள் திரும்பிவிட்டார்கள். சிறு பிரிவு மட்டும் சுமார் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தது.

அதே வருடம், பக்கத்துத் தீவில்

மாலத்தீவில் இந்திய வீரர்களைக் கைகுலுக்கி வரவேற்ற அதே வாரத்தில், இலங்கையில் இந்திய வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1987 ஜூன் மாதம் யாழ்ப்பாணத்தின் மேல் விமானத்தில் உணவுப் பொட்டலம் போட்டபோது ராஜீவ் ஈழத் தமிழர்களுக்கு நம்பிக்கையாகத் தெரிந்தார். ஜூலை 29-ல் ஜெயவர்தனேவோடு ஒப்பந்தம் போட்டார். மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கியின் அடிப்பகுதியால் அவரைத் தாக்கினார். ராஜீவ் குனிந்ததால் தலை தப்பியது.

அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்த இந்திய வீரர்கள் சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை முழுசா திரும்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அவர்கள் கையில் இறந்த தமிழ்ப் பொதுமக்களின் காயம் இன்னும் ஆறவில்லை.

ஒரே பிரதமர், ஒரே ராணுவம், ஏறக்குறைய ஒரே காலம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? மாலத்தீவில் அரசே அழைத்தது, இலக்கு ஒன்றுதான், எதிரி யார் என்பது தெளிவு, வெளியேறும் நாளும் தெரியும். இலங்கையில் ஜெயவர்தனே அரசு அரைமனதாகச் சம்மதித்தது, புலிகள் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, சிங்கள மக்கள் எதிர்த்தார்கள். எப்போது வேலை முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கடைசி மூன்று வருடங்கள்

வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது, தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது எல்லாம் ராஜீவ் காலத்துக் கணக்கில் வரும். ஆனா போஃபர்ஸ் பீரங்கி ஊழல் குற்றச்சாட்டு அவரது பெயரைக் கெடுத்தது. 1989 தேர்தலில் காங்கிரஸ் 197 இடங்களுக்குச் சுருங்கியது. வி.பி.சிங் பிரதமரானார்.

1991-ல் மறுபடி தேர்தல். ராஜீவ் திரும்பி வரும் வாய்ப்பு தெரிந்தது. அவர் வந்தால் மீண்டும் இலங்கைக்குப் படை வரும் என்று புலிகள் பயந்ததே கொலைக்குக் காரணம் என்பது சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவு. விசாகப்பட்டினத்திலிருந்து சென்னை வந்து, ஸ்ரீபெரும்புதூர் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காகப் பிரசாரம் செய்ய வந்த இடத்தில், இரவு சுமார் 10.20 மணிக்குக் குண்டு வெடித்தது. பணியில் இருந்த போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள் எனப் பத்துக்கும் மேற்பட்டோர் அவரோடு இறந்தார்கள். தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த 7 பேரும் 2022-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் விடுதலையானார்கள்.

காப்பாற்றப்பட்ட ஆட்சி என்ன ஆச்சு?

கயூம் 2008 வரை, மொத்தம் 30 வருடம் ஆட்சியில் இருந்தார். அதுவரை அதிபர் தேர்தல் என்பது ஒரே வேட்பாளருக்கு ஆமாம், இல்லை என்று வாக்களிப்பதுதான். முதல் பல கட்சித் தேர்தலில் தோற்று வெளியேறினார். அவரைத் தோற்கடித்த முகமது நஷீத் 2012-ல் பதவி விலகியபோது, தன்னை விலக வைத்ததே ஒரு கவிழ்ப்புதான் என்று குற்றம் சாட்டினார். இந்தியாவே வெளியேறு என்ற பிரசாரத்தின் ஆதரவோடு 2023-ல் முய்சு அதிபரானார். மாலத்தீவில் இருந்த இந்திய ராணுவத்தினர் 2024 மே மாதத்துக்குள் திரும்பினார்கள்.

துப்பாக்கி முனையில் ஆட்சி மாறக் கூடாது என்பதில் 1988-ல் ராஜீவ் எடுத்த முடிவு சரியாகவே நின்றது. அந்த ஆட்சி எப்படிப்பட்டது, அடுத்து யார் ஆள வேண்டும் என்பதை மாலத்தீவு மக்கள் தீர்மானிக்க இன்னும் 20 வருடம் ஆனது. அந்த வேலையை எந்த நாட்டு விமானமும் செய்து கொடுக்க முடியாது.