தெருவைப் படித்த பெண்மணி



உங்கள் வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை எத்தனை கடைகள் இருக்கின்றன? எத்தனை மரங்கள் நிற்கின்றன? தினமும் இரண்டு முறை போய்வரும் வழிதான். ஆனாலும், திடீரென்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. கால் நடக்கிறது, கண் பார்ப்பதில்லை!

தெருவில் நடக்கும்போது கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்த ஒரு பெண்மணியின் கதையை இன்று பார்ப்போமா? அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்ல. அதிகாரியும் அல்ல. ஆனால், அமெரிக்காவின் மிகப் பெரிய நகரமான நியூயார்க்கில், இடிபட இருந்த தெருக்களைக் காப்பாற்றியவர்களுள் முக்கியமானவர். அவர் பெயர் ஜேன் ஜேக்கப்ஸ்.

கேள்வி கேட்ட சிறுமி

1916-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்க்ரான்டன் என்ற ஊரில் ஜேன் பிறந்தார். அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர். அப்பா டாக்டர். அம்மா, திருமணத்துக்கு முன் ஆசிரியையாகவும் நர்ஸாகவும் வேலை பார்த்தவர். குழந்தைகள் என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லும் வீடு அது.

சிறுமி ஜேனுக்கு ஒரு வேடிக்கையான பழக்கம் இருந்தது. கடைக்குப் போகும்போது, மனதுக்குள் ஒருவரோடு பேசிக்கொண்டே போவாள். யாரோடு தெரியுமா? 1790-ஆம் ஆண்டிலேயே இறந்துபோன அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினோடு! அவருக்குப் போக்குவரத்து விளக்கைக் காட்டி, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவாள். இந்தச் சந்துக்கு ஏன் இன்னும் தளம் போடவில்லை, போடுவதென்றால் யார் போட வேண்டும் என்று அவர் கேட்பதாகக் கற்பனை செய்துகொள்வாள்.

இதில் ஒரு நன்மை உண்டு, குழந்தைகளே. ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமானால், முதலில் நாம் உற்றுப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பயிற்சி ஜேனுக்கு விளையாட்டாகவே கிடைத்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு நிகழ்ச்சி. பள்ளிக்கு வந்த ஒருவர் பற்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசினார். பிறகு, வாழ்நாள் முழுவதும் தினமும் பல் தேய்ப்போம் என்று எல்லாரும் கை உயர்த்தி உறுதி கூற வேண்டும் என்றார். வாக்குக் கொடுப்பது பெரிய விஷயம், காலம் முழுவதற்கும் சேர்த்து அவசரமாக வாக்குத் தரக் கூடாது என்று ஜேனின் அப்பா அப்போதுதான் சொல்லியிருந்தார். எனவே ஜேன் கை உயர்த்தவில்லை. மற்ற பிள்ளைகளையும் உயர்த்த வேண்டாம் என்றாள்! ஆசிரியைக்குக் கோபம் வந்து, அவளைப் பள்ளியை விட்டே வெளியே அனுப்பிவிட்டார். பிறகுதான் அவள் வகுப்புக்குத் திரும்ப முடிந்தது. பல் தேய்ப்பது வேண்டாத வேலை என்று அவள் நினைக்கவில்லை. எல்லாரும் செய்கிறார்களே என்று யோசிக்காமல் கை தூக்க அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூடியில் இருந்த எழுத்து

பள்ளிப் படிப்பை முடித்த ஜேன், 1930-களின் நடுவில் வேலை தேடி நியூயார்க் வந்தார். உலகமே பொருளாதார மந்தத்தில் சிக்கித் தவித்த காலம் அது. வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. தினமும் வேலை தேடி அலைவார். அது முடிந்ததும் தெருத் தெருவாக நடப்பார். ஒரு நாள், பெயர் பிடித்திருக்கிறதே என்பதற்காகவே கிறிஸ்டோபர் தெரு என்ற சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டார். அந்த இடம்தான் கிரீனிச் வில்லேஜ். சின்னச் சின்னத் தெருக்கள், விதவிதமான கடைகள். பார்த்ததுமே அவருக்குப் பிடித்துப்போனது.

பிழைப்புக்காக ஸ்டெனோ வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு எழுதினார். எதைப் பற்றி? பூ விற்கும் தெரு, வைரம் விற்கும் தெரு, தோல் வியாபாரம் நடக்கும் தெரு இவற்றைப் பற்றி. 1940-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, சாலையில் கிடக்கும் மேன்ஹோல் மூடிகளைப் பற்றியது! அந்த இரும்பு மூடிகளில் உள்ள எழுத்துகளைப் படித்தால், பூமிக்கு அடியில் ஓடுவது மின்சாரமா, எரிவாயுவா, தண்ணீரா என்று சொல்லிவிடலாம். லட்சக்கணக்கான பேர் மிதித்துச் சென்ற மூடிகளை அவர் குனிந்து படித்தார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பிடித்த பாடங்களைப் படித்தார், பட்டம் வாங்கவில்லை. 1944-இல் ராபர்ட் ஜேக்கப்ஸ் என்ற கட்டடக் கலைஞரை மணந்தார். 1947-இல் இருவரும் கிரீனிச் வில்லேஜில், ஹட்சன் தெருவில் 555-ஆம் எண் வீட்டை வாங்கினார்கள். கீழே முன்பு மிட்டாய்க் கடை இருந்த பழைய வீடு அது. அங்கே அவர்களுடைய மூன்று பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

டயரை உதைத்த சிறுவன்

1952-இல் கட்டடக் கலை பற்றிய ஒரு பத்திரிகையில் ஜேன் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் பழைய வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு, வானளாவிய அடுக்குமாடிகளையும் அகலமான சாலைகளையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் பார்க்க அவை அழகாகவே இருந்தன.

பிலடெல்பியா நகரில் ஓர் அதிகாரி அவரை இரண்டு தெருக்களுக்கு அழைத்துப் போனார். முதலாவது, இடிக்கப்பட வேண்டிய பழைய தெரு. அங்கே ஒரே கூட்டம். வாசற்படிகளில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், விளையாடுகிற பிள்ளைகள். இரண்டாவது, புதிதாகக் கட்டிய தெரு. பளிச்சென்று இருந்தது. ஆனால், ஆள் அரவமே இல்லை. ஒரே ஒரு சிறுவன் மட்டும் தனியாக ஒரு டயரை உதைத்துக்கொண்டிருந்தான். மனிதர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று ஜேன் கேட்டார். அதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை.

நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லெம் பகுதியில் சமூகத் தொண்டு செய்துவந்த வில்லியம் கர்க் என்பவரும் ஜேனைத் தம் பகுதியில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். புதிய அடுக்குமாடிகளுக்காக இடித்தபோது, சிறு கடைகளும் சேர்ந்து போய்விட்டன. கடை போனால் சாமான் மட்டுமா போகும்? அங்கே நின்று நாலு வார்த்தை பேசும் பழக்கமும் போய்விட்டது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமல் மக்கள் தனித்தனியானார்கள். அந்த நடை தம் கண்ணைத் திறந்தது என்பதை ஜேன் கடைசி வரை மறக்கவில்லை.

தெருவுக்கும் கண் உண்டு

தம் வீட்டு ஜன்னலிலிருந்து ஜேன் ஒரு காட்சியைப் பார்த்தார். ஒரு சிறுமியை ஒரு மனிதர் தம்மோடு வரும்படி இழுத்துக்கொண்டிருந்தார். அவள் வர மறுத்து விறைத்து நின்றாள். என்ன ஆகுமோ என்று ஜேன் பதறினார். அதற்குள் கறிக்கடைக்கார அம்மாள் வெளியே வந்து நின்றார். மளிகைக் கடைக்காரர் வந்தார். பழக்கடைக்காரர், பூட்டுச் சாவி செய்பவர், சலவைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து அந்த மனிதரைச் சூழ்ந்துவிட்டார்கள். விசாரித்தால், அவர் அந்தச் சிறுமியின் அப்பாதான்!

எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ஜேன் அதோடு விடாமல் யோசித்தார். அந்தத் தெருவில் போலீஸ்காரர் யாரும் இல்லை. ஆனாலும், அங்கே ஒரு குழந்தைக்கு ஆபத்து வர முடியாது. ஏனென்றால், கடைகளும் ஜன்னல்களும் தெருவுக்குக் கண்களாக இருந்தன. இப்படிப் பார்த்ததையெல்லாம் சேர்த்து 1961-இல் ஒரு புத்தகம் எழுதினார். மகத்தான அமெரிக்க நகரங்களின் மரணமும் வாழ்வும் என்பது அதன் பெயரின் பொருள். நகரங்களைத் திட்டமிடுகிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

வீட்டுக்கே வந்த ஆபத்து

அப்போது நியூயார்க்கில் ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி மிகுந்த செல்வாக்கோடு இருந்தார். பூங்காக்கள், நீச்சல் குளங்கள், பாலங்கள் என்று மக்களுக்குப் பயன்படும் பலவற்றைக் கட்டியவர் அவர். ஆனால், சாலை போடுவதற்காக மக்கள் வாழும் பகுதிகளை இடிக்கவும் தயங்கமாட்டார். பிள்ளைகள் விளையாடும் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே சாலை போட அவர் திட்டமிட்டார். ஷெர்லி ஹேய்ஸ் என்ற தாய் 1952-லேயே எதிர்ப்பைத் தொடங்கினார். ஜேனும் சேர்ந்துகொண்டார். அவருடைய பிள்ளைகள்கூடச் சுவரொட்டி ஒட்டினார்கள். 1958-இல் பூங்காவுக்குள் கார்கள் போவது தடுக்கப்பட்டது. சாலை திறக்க ரிப்பன் வெட்டுவார்கள் அல்லவா? இங்கே சாலையை மூட ரிப்பன் கட்டினார்கள்!

1961-இல் அடுத்த இடி. ஜேனின் வீடு உள்ள பகுதியே பாழடைந்தது, இடிக்கலாமா என்று ஆராயப்போவதாக மாநகராட்சி அறிவித்தது. அக்கம்பக்கத்தார் அழுதுகொண்டு உட்காரவில்லை. வீடு வீடாகப் போய், யார் வசிக்கிறார்கள், வீடு எப்படி இருக்கிறது என்று தாங்களே கணக்கெடுத்தார்கள். இடிக்க வேண்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி போடுவது வழக்கம். அதனால், கறுப்புக் கண்ணாடியில் பெருக்கல் குறி ஒட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்கள். 1962-இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த வீடு இன்றும் இருக்கிறது.

மூன்றாவது போராட்டம் நீண்டது. நகரின் குறுக்கே பத்து வழி விரைவுச்சாலை ஒன்றை மோசஸ் கொண்டுவர விரும்பினார். ஏறத்தாழ 2,000 குடும்பங்கள் வீடு இழக்க நேரும். 1968 ஏப்ரலில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில், மக்கள் சொல்வதை அதிகாரிகள் காதில் வாங்கவில்லை என்று கருதிய ஜேன் மேடையில் ஏறி நடந்தார். பலர் பின்தொடர்ந்தனர். நெரிசலில், பேச்சைப் பதிவு செய்யும் கருவியின் காகிதச் சுருள் சிதறிப்போனது. பதிவு இல்லாவிட்டால் கூட்டமே நடக்கவில்லை என்றுதான் பொருள் என்றார் ஜேன். போலீசார் அவரைக் கைது செய்தனர். 1969-இல் அந்தச் சாலைத் திட்டம் முடிவுக்கு வந்தது.

நினைவாக ஒரு நடை

வியட்நாம் போரை ஜேன் எதிர்த்தார். தம் மகன்களைப் போருக்கு அனுப்ப விரும்பாமல், 1968-இல் குடும்பத்தோடு கனடாவின் டொராண்டோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் ஒரு விரைவுச்சாலை அவர் இருந்த பகுதியை நோக்கி வந்துகொண்டிருந்தது! மக்களோடு சேர்ந்து எதிர்த்தார். 1971-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. 2006 ஏப்ரல் 25-இல், தமது 89-ஆம் வயதில் டொராண்டோவில் ஜேன் காலமானார்.

அடுத்த ஆண்டு மே மாதம், அவருடைய பிறந்த நாளையொட்டி நண்பர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டொராண்டோவில் ஆங்காங்கே வசிப்பவர்களே முன்வந்து, தங்கள் பகுதியை மற்றவர்களுக்கு நடத்திக் காட்டினார்கள். கட்டணம் கிடையாது. நிபுணராக இருக்க வேண்டியதில்லை. தெருவை நேசிக்கும் யாரும் வழிகாட்டலாம். கூட வருகிறவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். ஜேன்ஸ் வாக், அதாவது ஜேனின் நடை என்று அதற்குப் பெயர். பிறகு உலகின் பல நூறு நகரங்களில் தொண்டர்கள் இதை நடத்தியிருக்கிறார்கள். நம் நாட்டில் மும்பையிலும் நடந்திருக்கிறது.

குழந்தைகளே! ஹட்சன் தெருவைக் காப்பாற்ற மக்களுக்குக் கைகொடுத்தது எது என்று யோசித்துப் பாருங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாத தெருவுக்காக யாரும் வாதாட முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு நடை நடத்திப் பாருங்கள். தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா யாரையாவது கட்டாயம் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் போதும். உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அங்குள்ள பழைய கடை எது, அதை யார் தொடங்கினார்கள்? முன்பு இருந்து இப்போது இல்லாமல் போன கிணறோ, மரமோ, குளமோ எது? தெருவில் மூத்தவர் யாரென்று பார்த்து, இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடைகளை நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் தெருவைப் பற்றி அதுவரை யாரும் எழுதாத புத்தகத்தின் முதல் பக்கம் அதுவாக இருக்கலாம்!