கோவை தந்த விந்தை மனிதர் ஜி.டி. நாயுடு

எங்கள் அறிவியல் டீச்சர் இவ்வாண்டு ஒரு பயிற்சி முகாமுக்குச் சென்று வந்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ரோபோ செய்யக் கற்றுக் கொடுக்கும் முகாம் அது. முதல் நாள் முற்பகல் முழுவதும் அங்கு ஒருவரும் திருப்புளியைக் கையில் எடுக்கத் துணியவில்லையாம். மோட்டாரின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து பாகங்களைக் குறித்தவர்கள், உண்மையான மோட்டாரைக் கண்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிறு மோட்டாரையும் திருப்புளியையும் மேசை மேல் வைத்து, யார் முதலில் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எங்களில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அன்று டீச்சர் எங்களுக்குச் சொன்ன வரலாறே இது. பிறகு நாங்களும் தேடிப் படித்து, ஆண்டு மலருக்காக எழுதுகிறோம்.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 23-ஆம் நாள், கோபால்சாமி நாயுடு என்னும் உழவரின் மகனாகத் துரைசாமி பிறந்தார். பிறந்த சில காலத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. (தங்கைமார் இதைப் பின்பற்ற வேண்டாம்!) தொடக்கக் கல்வியோடு அவருடைய படிப்பு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவ்வழியே மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். அந்த வண்டி அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று கோவைக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுக் கணக்கில் காசு சேர்த்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றினார் என்று நினைக்கிறீர்களா? பாகம் பாகமாகக் கழற்றினார்! கழற்றியதை மறுபடியும் பூட்டினார். எந்தப் பல்சக்கரம் எதைத் திருப்புகிறது, பெட்ரோல் எங்கே எரிகிறது என்பதையெல்லாம் இப்படியே கற்றுக்கொண்டார். அவருக்கு வாத்தியாரும் அந்த வண்டிதான், பாடப் புத்தகமும் அந்த வண்டிதான்.

பின்னர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கி, 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்த ஒரு பேருந்து வளர்ந்து யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாயிற்று. 1933-இல் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. பணம் வந்த பிறகும் அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு வியப்பாயிருந்தது. உலர் மின்கலத்தில் சிறு மோட்டாரை ஓட்டி முகம் மழிக்கும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஏமாற்ற முடியாதபடி வாக்குகளைப் பதியும் பொறி என்று பலவற்றைச் செய்தார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் அது என்று சொல்கிறார்கள். 1952-இல் இருவர் அமரும் சிறிய காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை.

இந்தக் கருவிகளைவிட எங்களை அதிகம் கவர்ந்தது அவருடைய கல்லூரிக் கதை. அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அந்தக் கல்லூரியே பிற்காலத்தில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. 1945-இல் அதன் முதல்வராக அமர்ந்தவர் யார் தெரியுமா? ஆசிரியர் மேல் மண் வீசிய அதே துரைசாமி!

பொறியியலுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டுகள் போதும், அதற்குள் ஒரு மாணவன் பல துறைகளையும் கற்றுவிடலாம் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார்.

இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. நாயுடு சொன்னது முற்றிலும் சரி என்று சிலர் சொன்னார்கள். பாலம் கட்டுகிறவர் கணக்கைச் சரியாகப் படிக்காமல் இரண்டு ஆண்டில் வெளியே வந்தால் அந்தப் பாலத்தில் யார் போவது என்று மற்றவர்கள் கேட்டார்கள். எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது. வாத்தியார் இல்லாமல் தாமாகவே கற்றுக்கொண்ட மேதை அவர். எல்லோரும் தம்மைப் போலவே விரைவாகக் கற்பார்கள் என்று எண்ணிவிட்டாரோ? எங்களைப் போன்ற சாதாரணப் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் நின்று, இதைக் கழற்று, பயப்படாதே என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியரும் முன்பே கழற்றிப் பார்த்தவராக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்பளம் இடும் அம்மாமார் மாவின் பதத்தை விரலால் அறிவார்கள். புத்தகம் பார்த்து அப்பளம் இட்டவர் கல்லிடைக்குறிச்சியில் ஒருவரும் கிடையாது. அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்களும் மாவில் கை வைத்தவர்கள்தானே! நாசரேத்தூரில் புனித சூசையப்பரும் தம் திருமகனுக்குத் தச்சு வேலையைப் படம் போட்டா கற்றுக் கொடுத்திருப்பார்?

2016 முதல் நம் நாட்டின் பள்ளிகள் பலவற்றில் அடல் ஆய்வுக்கூடங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்கள் ரோபோ செய்வதற்கான மோட்டார், உணர்வி, மின்சுற்றுப் பலகை எல்லாம் அங்கு உண்டு. ஆனால் பெட்டியைப் பிரிக்க டீச்சருக்கே அச்சமாக இருந்தால் அது பீரோவிலேயே தூங்கும். ஆகவேதான் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று எங்கள் டீச்சர் விளக்கினார்கள். தம் வண்டி முகாமில் மூன்று முறை ஓடாமல் நின்றதையும் மறைக்காமல் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் துணிவு வந்தது.

வெளிநாடுகளுக்குச் சென்றபோதெல்லாம் நாயுடு புதுமையான கருவிகளைத் தேடிக் கொண்டுவந்தார். அவற்றையும் தாம் செய்தவற்றையும் கோவையில் தொழிற் கண்காட்சியாக வைத்தார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

டீச்சர் வைத்த மோட்டாரை மறுநாள் பிரித்தோம். உள்ளே இரண்டு காந்தங்கள், நடுவே செம்புக் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தம் அதைத் திருப்புகிறது. அரைச் சுற்று முடிந்ததும் மின்சாரத்தின் திசை மாறுவதால் நிற்காமல் சுற்றுகிறது. ஒன்பதாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருந்தோம். கண்ணால் பார்த்தது அன்றுதான். திரும்பப் பூட்டி வண்டியில் வைத்தபோது வண்டி பின்னால் ஓடியது. மின்கலத்தின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்தோம், முன்னால் ஓடியது. வகுப்பில் எழுந்த கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு சிஸ்டர் ஓடி வந்துவிட்டார்கள். அவர்களும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்கள்.

எங்களில் பலர் வீட்டில் திருப்புளி அண்ணன் கைக்குத்தான் போகும். ஆகையால் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். ஓடாத மிக்ஸி, பழைய மின்விசிறி, நின்றுபோன கடிகாரம் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடுமுன் எங்கள் அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி வையுங்கள். சனிக்கிழமைதோறும் டீச்சரோடு சேர்ந்து பிரித்துப் பார்க்கிறோம். திரும்பப் பூட்டித் தருவதாக மட்டும் இப்போதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.