முதல்வர் பதவியை விட்ட காமராஜர்: டெல்லியே அவர் பேச்சைக் கேட்டது ஏன்?

மேடையில் அடுக்குமொழி கிடையாது. இந்தியோ ஆங்கிலமோ சரளமாகப் பேச வராது. பள்ளிப் படிப்பும் ஆறாம் வகுப்போடு சரி. ஆனாலும் 1960-களில் இந்தியாவின் அடுத்த பிரதமர் யார் என்பதில் காமராஜரின் வார்த்தைக்குப் பெரிய எடை இருந்தது. அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

தொடக்கம் எப்படி?

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். 1930 உப்பு சத்தியாகிரகத்தில் முதல்முறை சிறை. மொத்தத்தில் ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். ஊர் ஊராகச் சுற்றியதில், எந்த ஊரில் என்ன பிரச்சினை என்பது அவருக்கு அத்துப்படி.

எதிர்த்தவருக்கும் பதவியா?

1954-ல் முதல்வரானார். கட்சித் தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்துக்கும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்துக்கும் அமைச்சரவையில் இடம் கொடுத்தார். தன்னையும் சேர்த்து அமைச்சர்கள் 8 பேர்தான். ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போகக் கூடாது என்று மதிய உணவுத் திட்டம் வந்தது. பாதியில் படிப்பை விட்டவர் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினால், அதை யாராலும் தட்ட முடியவில்லை.

அது என்ன 'கே பிளான்'?

1962 சீனப் போருக்குப் பிறகு காங்கிரஸ் மீது அதிருப்தி கூடியது. 1963 மக்களவை இடைத்தேர்தல்களிலும் அடி விழுந்தது. தமிழ்நாட்டில் திமுக 1957-ல் 15 இடங்கள், 1962-ல் 50 இடங்கள் என்று வளர்ந்துகொண்டிருந்தது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார் காமராஜர். நேரு ஏற்றார். மத்திய அமைச்சர்கள் 6 பேர், முதல்வர்கள் 6 பேர் பதவி விலகினார்கள். மொரார்ஜி போன்றவர்களை ஓரங்கட்டவே இந்தத் திட்டம் என்று விமர்சனமும் எழுந்தது. ஆனா, யோசனை சொன்னவரே 1963 அக்டோபர் 2-ல் முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். அதற்கப்புறம் அவரைப் பதவி ஆசைக்காரர் என்று சொல்ல வழியில்லை.

அதனால் என்ன கிடைத்தது?

1964-ல் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். அந்த ஆண்டு மே மாதம் நேரு மறைந்ததும் எம்.பி.க்கள், முதல்வர்களின் கருத்தைக் கேட்டு, லால் பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகக் கொண்டுவந்தார். 1966-ல் சாஸ்திரி மறைந்தபோது இந்திரா காந்தியை ஆதரித்தார். இரண்டு முறையும் அந்தப் பதவிக்குத் தான் போட்டியிடவில்லை.

விலை என்ன?

அவர் விலகிய பிறகு 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1967-ல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது. சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் காமராஜரும் தோற்றார். 1969-ல் கட்சி உடைந்தபோது, அவர் ஆதரித்துப் பிரதமரான இந்திரா எதிர் அணியில் இருந்தார். டெல்லியில் அவர் சொல்லுக்கு இருந்த எடை குறைந்தது.

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் மறைந்தார். சென்னையில் கடைசிவரை வாடகை வீடுதான். கட்சியைக் காப்பாற்றப் போட்ட திட்டம் அவர் சொந்த மண்ணில் கட்சியைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் பதவியை விடு என்று அடுத்தவரிடம் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. தன் பதவியையும் அவர் விட்டிருந்தார்.